குசினியிலிருந்து கூப்பிட்ட குரல்

நிந்தவூர்
11 மார்ச் 2025

அன்புத் தம்பி ஜெஸீம்,

உனக்கும், உன் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் படுத்திருக்கிறவர்களுக்கும் என் ஸலாம்.

"உங்கட தம்பி கடைசியா எப்ப குடிச்சவர், ரீச்சர்?" என்று ஒரு டொக்டர் என்னிடம் கேட்டார். நீ இரவுத் தறாவீஹ் தொழுகையில் வலிப்பு வந்து விழுந்து, உன்னை இங்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று கேட்ட கேள்வி அது. நோன்பு துறந்தபோது கஞ்சியும் தண்ணீரும் குடித்தான் என்று சொன்னேன். அவர் சாராயத்தைத்தான் கேட்டார் என்று விளங்கியதும் எனக்கு முகம் சுட்டது. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். எங்கள் குடும்பத்தில் அந்த வாடையே கிடையாது என்று அவருக்கும் ஒரு பாடம் நடத்தினேன். உன் மனைவி றுமானா என் பக்கத்தில் நின்றாள். "இல்ல டொக்டர், அவர் தொடவே மாட்டார்" என்று அவளும் சொன்னாள்.

அவர்கள் அதை நம்பி வலிப்புக்கு மருந்து தந்தார்கள். அடுத்த நாள் உனக்கு என்ன நடந்தது என்று உனக்கே நினைவிருக்காது. வாட்டுக்குள் ஆனை வந்துவிட்டது என்று கத்தினாய். ஆனை விரட்டுகிற வெடி எங்கே என்று மருந்து கொடுக்க வந்த மிஸியிடம் கேட்டாய். எதிர்க் கட்டிலில் கிடந்த வயோதிபரைக் காட்டி, அந்தக் குட்டியை முதலில் விரட்டுங்கள் என்றாய். அந்த மனிதர் பயந்து கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். உன் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஊற்றும், அப்படி வேர்த்திருந்தது. கடைசியில் உன் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். வந்து பார்த்தவர்கள் ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொண்டுவந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் இராசதுரை வந்தார். சொறிக்கல்முனை இராசதுரை, இறக்காமத்தில் உன் வயலுக்கு அடுத்த வயல்காரர். ஒரு வருத்தக்காரனைப் பார்க்க வந்த மனிதர் என்றுதான் நினைத்தேன். அவர் உன்னைப் பார்த்தார். கட்டிய கைகளைப் பார்த்தார். பிறகு நேரே டொக்டரிடம் போனார்.

"ஐயா, இவர் பதினைஞ்சு வருசமாக் குடிக்கிறவர். நானுந்தான். வெள்ளாமைக் காவலுக்குப் போனா ரெண்டு பேரும் ஒண்டாத்தான் குடிக்கிற. நோன்பு வந்தா இவர் ஒரேயடியா நிப்பாட்டிப்போடுவார்."

டொக்டர் நடக்கவில்லை, ஓடினார். மருந்து எல்லாம் மாறியது. சற்று நேரத்தில் உன்னை அம்புலன்சில் ஏற்றி, இப்போது நீ இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் உண்மை தெரியாமல் போயிருந்தால் நீ மையித்தாகத்தான் வீட்டுக்கு வந்திருப்பாய் என்று அங்கே சொன்னார்கள். குடித்ததால் சாகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நிறுத்தியதால் சாவார்கள் என்று நான் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.

உன் டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பார்கள் அல்லவா? ஒரு பக்கம் சாராயம் உன்னைக் கீழே இழுத்தது. உன் மூளை மறுபக்கம் நின்று வருடக்கணக்காக எதிர்த்து இழுத்துப் பழகிவிட்டது. நோன்பின் முதல் பிறை கண்டதும் ஒரு பக்கத்தார் கயிற்றைச் சட்டென்று விட்டுவிட்டார்கள். மறுபக்கத்தார் எப்படி விழுவார்கள்? அதுதான் வலிப்பு, அதுதான் ஆனை. இப்போது சாராயம் பிடித்த இடத்தை மருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைத் தளர்த்துகிறது.

அந்த மருந்தைப் பகலில் விழுங்க மாட்டேன், நோன்பு முறிந்துவிடும் என்று நீ வாயை இறுக்கிக்கொள்கிறாயாம். நோயாளிக்கு நோன்பு இல்லை என்பது உனக்குத் தெரியாததா? பிறகு பிடித்துக்கொள்ளலாம். தருகிற நேரத்தில் விழுங்கு.

நான் உன்னைப் பார்க்க வந்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். என் மேல் என்ன கோபம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். உங்கள் வாட்டில் போனுக்கு அனுமதி இல்லை. இராசதுரையும் குடியை விட அதே ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்கு வரத் தொடங்கியிருக்கிறார். கடிதத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் போடு.

உன் ராத்தா,
றாஹிலா

ஆஸ்பத்திரி
14 மார்ச் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கை இன்னும் முழுதாக என் சொல் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பீர்கள்.

மாத்திரையை விழுங்குகிறேன். பகலிலும் விழுங்குகிறேன். மிஸி ஆறுதலாகக் கதைக்கிற பிள்ளைதான். ஆனால் நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும் வரை நகர மாட்டா. கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பார்கள். இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன இடம் என்று கேட்பார்கள். முதலில் வயலில் காவல் படுக்கிற வாடி என்று சொன்னேனாம். இப்போது ஆஸ்பத்திரி என்று சொல்கிறேன். நாடி, பிரஷர், ஊசி, திரும்பவும் நாடி. ஒரு மனிதனைக் குடியிலிருந்து இறக்க இத்தனை பேர் சுற்றி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் அதை ஒவ்வொரு வருடமும் தனியாக, நோன்பு பிடித்துக்கொண்டே செய்யலாம் என்று நினைத்திருந்தேன்.

எப்படித் தொடங்கியது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். மகள் ஆகிலா சிறு பிள்ளையாக இருந்தபோது, ஒரு மாரி வெள்ளாமையில், பக்கத்து வயல்வாடியை ஆனை பிரித்துப் போட்டது. உள்ளே படுத்திருந்த ஆளை நாங்கள்தான் வெளியே எடுத்தோம். உயிர் தப்பினான், நடக்க முடியவில்லை. அடுத்த நாளும் நான் காவலுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கதிர் மிஞ்சாது. கால் முன்னுக்குப் போகவில்லை. இராசதுரை ஒரு சிரட்டையில் கசிப்பு ஊற்றித் தந்தான். கால் போனது. முதலில் காவலுக்கு மட்டும். பிறகு ஆனை இல்லாத காலத்திலும்.

ஊரில் என்னை எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நோன்பு வந்தால் ஜெஸீம் வேறு ஆள், பள்ளிவாசலில் முதல் வரிசையை விட மாட்டான் என்பார்கள். அந்தப் பேரோடு நான் பெருநாள் தொழுகைக்கு வந்து நிற்க வேண்டும். பெருநாள் கழிந்ததும் இறக்காமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து ஆகிலாவுக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். நான் அங்கே இல்லை என்றால் ஏன் இல்லை என்று தேடுவார்கள். வலிப்பு வருத்தம் என்று சொல்லி வையுங்கள். பெருநாளுக்கு முன் எப்படியும் வந்துவிடுவேன்.

சுவர்ப் பக்கம் திரும்பியது கோபத்தால் அல்ல. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம் கேட்க வேண்டாம். றுமானாவை ஏச வேண்டாம். இது இரண்டும்தான் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
ஜெஸீம்

நிந்தவூர்
17 மார்ச் 2025

தம்பி,

உன் எழுத்து வட்டமாக இல்லை. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

காரணம் கேட்க வேண்டாம் என்கிறாய். சரி. றுமானாவை ஏச வேண்டாம் என்பதற்கு மட்டும் என்னால் ஓம் சொல்ல முடியாது. அவளை நான் ஏசவில்லை. அவளோடு கதைக்கவே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நோன்பு நாளில், இது பெரிய பாவம் என்று தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், "அவர் தொடவே மாட்டார்" என்று அவள் சொன்ன அந்த வாய்தான் தெரிகிறது.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிய நேரம் அவளுக்குக் காய்ச்சல். தாய் அதை மறைத்து, நெற்றியைத் துடைத்துப் பவுடர் பூசி அனுப்பினாள். பிள்ளை பரீட்சை மண்டபத்தில் கதிரையோடு சரிந்தது. அந்தத் தாய் பிள்ளையை வெறுத்தவளா? இல்லை. ஆனால் யாராவது அவளைக் கேட்கத்தானே வேண்டும். பதினைந்து வருடம் ஒரு பெண் தன் புருஷன் குடிப்பதை அறிந்துகொண்டே இருந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. தன் சொந்தச் சகோதரர்களுக்கும் சொல்லவில்லை. சாகக் கிடந்தபோதும், டொக்டர் நேருக்கு நேர் கேட்டபோதும் மறைத்தாள்.

அதனால் அவளுடைய நானாமார் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருவார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் முன்னால் அவள் சொல்லட்டும். இது அவள் வீடு, நான் விருந்தாளி. கல்முனையில் என் வீட்டுக் கூரை ஓடு மாற்றி முடியாததால்தான் நோன்புக்கு இங்கே வந்து தங்கினேன். அதுவும் நல்லதற்குத்தான் போலிருக்கிறது. நான் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடம் இதை மூடி வைத்திருப்பார்களோ.

இன்னொன்று. பெருநாளுக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். உன் டொக்டரிடம் போனில் கதைத்தேன். மருந்து குறைந்து முடிகிற நாள் வேறு, நீ வெளியே வருகிற நாள் வேறு என்கிறார். உனக்கு வந்தது சின்ன நடுக்கம் அல்ல. மருந்தை முடித்ததும் பக்கத்துக் கட்டடத்தில் இன்னும் சில வாரம் தங்கி, குடியில்லாமல் நாளைக் கழிக்கப் பழக வேண்டுமாம். ஒவ்வொரு முறை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போதும் அடுத்த நிறுத்தம் முன்னையதைவிடக் கடுமையாக வருமாம். நீ நோன்புக்கு நிறுத்தி, பெருநாளுக்குப் பிறகு தொடங்கி, இப்படி எத்தனை தரம்? நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தால் வரட்டும். நீ அங்கேயே இரு.

ராத்தா

ஆஸ்பத்திரி
20 மார்ச் 2025

ராத்தா,

இந்தக் கடிதம் நாளை ஜும்மாவுக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். இராசதுரையைக் காலை முதல் பஸ்ஸுக்கு ஓடச் சொல்லியிருக்கிறேன். கிளினிக் மருந்து அவனையும் இப்போதுதான் நிமிர்த்தி வைத்திருக்கிறது. பாவம், ஏசிக்கொண்டுதான் ஓடுவான்.

றுமானாவை அவளுடைய நானாமார் முன்னால் நிறுத்த வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம் என்றேன். நீங்களே என்னைச் சொல்ல வைக்கிறீர்கள்.

இது எனக்கு முதல் வலிப்பு அல்ல. சில வருடங்களுக்கு முன், ஒரு நோன்பின் இரண்டாம் நாள், நோன்பு துறந்து எழும்பும்போது குசினிக்குள், அடுப்படியில் விழுந்தேன். நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். ஆகிலா பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். றுமானா மட்டும்தான் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், ஊர் அறியும் என்று அவள் காலைப் பிடித்தவன் நான். முந்தின வாரம்வரை குடித்தபோது இல்லாத நடுக்கம் நிறுத்தியதும் வருகிறது என்று அவள் தானாகக் கண்டுபிடித்தாள். எந்த டொக்டரும் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்வேலியில் நின்று இராசதுரையிடம் ஒரு போத்தல் கேட்டிருக்கிறாள். அவன் அன்றைக்கு அதிர்ந்ததுபோல ஒருநாளும் அதிரவில்லையாம்.

அன்று தொடங்கி ஒவ்வொரு நோன்பிலும், மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, குசினிக்குள் எனக்கு மட்டும் ஒரு கோப்பை இஞ்சிப் பிளேன்ரீ இருக்கும். அதற்குள் அவள் அளந்து ஊற்றுவாள். முதல் நாட்களில் கூடுதலாக, பிறகு குறைவாக, கடைசிப் பத்து நாளில் வெறும் இஞ்சி மட்டும். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கோப்பையை வேறு யாரும் தொட விட மாட்டாள். ஐந்து நேரமும் தொழுகிறவள், ராத்தா. அந்த வாடை பட்டாலே உடுப்பு மாற்றுகிறவள். ஒரு நாள் நான் வேண்டாம் என்றேன். நோன்பு துறந்த வாயால் இதைக் குடிக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் சொன்னாள்: "பாவம் எண்டா அது எனக்கு எழுதட்டும். நீங்க உசிரோட இரிந்தாக் காணும்."

உங்கள் கயிறு உதாரணத்தைப் படித்தேன். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்று டொக்டர் சொன்னார் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் அதை விட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

இந்த வருடமும் அவள் பிளேன்ரீ ஊற்றினாள். குசினியிலிருந்து கூப்பிட்டாள். நான் எழும்பவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். என் தட்டில் நீங்களே பேரீச்சம்பழம் வைத்தீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து எழும்பிப் போய் அதைக் குடித்துவிட்டு வந்து திரும்ப உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

அவள் டொக்டரிடம் பொய் சொன்னாள்தான். அன்றைக்கு உங்கள் முன்னால் வேறு என்ன சொல்வாள்?

டொக்டருக்கும் இந்தப் பிளேன்ரீக் கதை தெரியாது; இராசதுரையும் அதை மட்டும் சொல்லாமல் விட்டான். இதை வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

ஜெஸீம்

நிந்தவூர்
21 மார்ச் 2025

தம்பி,

கடிதம் கிடைத்தது. எரிக்கவில்லை. கையில் பிடித்தபடியே கிணற்றடியில் இருந்தேன். லுஹர் பாங்கு சொன்னது காதில் விழவில்லை.

நானாமார் வந்தார்கள். கிணற்று மோட்டரைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அது ஓடவில்லை.

அந்த முதல் நோன்பு துறப்பை நினைத்துப் பார்த்தேன். றுமானா குசினி வாசலில் நின்று, "இஞ்சாருங்க, ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். நீ அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். "பசியோட இரிக்கிறவன என்னத்துக்கு எழுப்புற? தின்னட்டும்" என்று சொன்னது நான். இரண்டாம் நாள், எதிர்வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்க மதினி என்று கோப்பையை என் கையில் தந்தாள். வீட்டில் குமரி இருக்க என்னை அனுப்புகிறாளே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆகிலாவை அனுப்பிவிட்டு நான் உன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். அன்றுதான் நீ விழுந்தாய்.

அவள் என்னை வெளியே அனுப்பப் பார்த்திருக்கிறாள். உன்னைக் காப்பாற்ற. நான் போகவில்லை.

குசினி முழுக்கத் தேடி, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். சோடாப் போத்தல் ஒன்று, பேப்பரில் சுற்றி, நிறைய. மூடியைத் திறந்தேன். என் அறுபத்து மூன்று வயதில் அந்த வாடையை முதன்முதலாக இன்றுதான் அறிந்தேன். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றுக்கும் உதாரணம் வரவில்லை, தம்பி. இதை டொக்டரிடம் சொல். கட்டாயம் சொல்.

றாஹிலா

ஆஸ்பத்திரி
26 மார்ச் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

டொக்டரிடம் சொன்னேன். முன்னைய வலிப்பையும் சொன்னேன், பிளேன்ரீயையும் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். எத்தனையோ குடிகாரர்களைப் பார்த்த மனிதர். பிறகு சொன்னார்: "ஒங்கட மனிசி ஒங்கள உசிரோட வெச்சிரிக்கிறா. ஆனா அது அதிஷ்டம், வைத்தியம் இல்ல. ஒரு நாள் கூடினாலும் சாவு, குறைஞ்சாலும் சாவு. இனி ஒருநாளும் இத வீட்டுக்குள்ள செய்யப்படாது." வலிப்பு முன்னமே வந்திருந்தது தெரிந்திருந்தால் முதல் நாளே வேறு விதமாகப் பார்த்திருப்பார்களாம். மாத்திரை குறைக்கிற வேகத்தையும் மாற்றிவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். நீங்கள் ஒரு நோன்பாளிக்குப் பக்கத்தில் இருந்து பழம் எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. எழும்பிப் போகாதது என் கால். அதைச் சொல்ல முடியாமல்தான் நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். சொன்னால் நீங்கள் இப்படி உடைந்து போவீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

ஆனாலும் நான் வெளியே வர வேண்டும். பெருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நடுக்கம் இல்லை, ஆனை இல்லை, சோறு இறங்குகிறது. என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்து வைத்தால் விடுவார்களாம். டொக்டர் விருப்பமில்லாமல்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் அப்படிப் போய் மூன்றாம் தரம் திரும்பி வந்தவர். "போங்க மச்சான், கட்டிலுக்கு நான் துண்டு போட்டு வெக்கிறன்" என்று என்னைப் பகிடி பண்ணுகிறார்.

அவருக்கென்ன, அவருக்கு மகள் இல்லை. நான் பள்ளிவாசல் வரிசையில் நின்றால் ஊர் வாயை மூடும். நிற்காவிட்டால் ஆகிலாவின் கலியாணம் நின்றுவிடும். இதில் எதைப் பார்ப்பது? றுமானாவிடம் கேட்டு எழுதுங்கள். அவள் வா என்றால் வருகிறேன்.

ஜெஸீம்

நிந்தவூர்
31 மார்ச் 2025

அன்புத் தம்பி,

பெருநாள் வாழ்த்து. உன்னைக் காணாமல் விடிந்த பெருநாள் இது. தொழுகை முடிந்து ஆட்கள் கலையும் வரை வாசல் படலையில் நின்றேன். ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் நீதானோ என்று பார்த்தேன். கடைசி ஆளும் போன பிறகு எனக்கு மூச்சு வந்தது. பெருநாள் அன்று நீ வராததற்காக நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீ கேட்டபடி றுமானாவிடம் கேட்டேன். அதற்கு முன்னால் இன்னொன்று கேட்டேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓதின தண்ணி எண்டு செல்லியிரிந்தா நீங்க நம்பியிரிப்பீங்க மதினி. நீங்களே எடுத்துக் குடுத்திரிப்பீங்க. எனக்கு அந்தப் பொய் வாயில வரல்ல. சாராயம் எண்டு செல்லவும் வாய் வரல்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் அழுதோமா என்று கேட்காதே. அரிசி மட்டும் அன்றைக்கு மிக நன்றாகக் களைபட்டது.

உன் கேள்விக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து, இறக்காமத்துக்குப் போக வேண்டும், நீங்களும் வாருங்கள் என்றாள். மாப்பிள்ளை வீட்டில் பாய் விரித்தார்கள். நான் எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். அதற்குள் அவள் மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"எங்கட வீட்டு ஆள் குடிச்சவர். இப்ப அத விடுறதுக்கு ஆஸ்பத்திரியில நிண்டு மருந்து எடுக்கிறார். பெருநாளைக்கு வர மாட்டார். இத வேற வாயால நீங்க கேக்கப்படா எண்டுதான் வந்த."

அந்த அம்மாவின் கையிலிருந்த தஸ்பீஹ் மணி அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் வாப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். பெருநாள் கழியச் சொல்கிறோம் என்றார்கள். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. இதுவரை ஒரு சொல்லும் வரவில்லை. வராமலே போகலாம். உனக்கு அதை இனிப்புத் தடவித் தர எனக்கு விருப்பமில்லை.

ஆகிலாவிடம் நாங்கள் எப்படிச் சொல்வது என்று தடுமாறினோம். பிள்ளை முன்னமே அறிந்திருக்கிறாள். பிளேன்ரீயையும்தான். கஞ்சிக் கோப்பையோடு தன்னை ஏன் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பதினான்கு வயதிலேயே விளங்கிவிட்டதாம். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். "வாப்பா முழுசாச் சுகமாகித்தான் வரணும். பாதியில வந்தா நான் கலியாணமே முடிக்க மாட்டன் எண்டு எழுதுங்க மாமி" என்றாள். எழுதிவிட்டேன்.

நேற்று இராசதுரை வந்து நீ கையெழுத்து வைக்கவில்லை என்று சொன்னார்; அப்படியும் இன்று காலை எனக்குப் பயம் விடவில்லை. எங்கள் பதிலுக்குக் காத்திராமல் நீயே பக்கத்துக் கட்டில்காரரிடம் துண்டை எடுக்கச் சொன்னாயாம். அந்தப் போத்தலையும் அவரிடமே கொடுக்கப் போனேன். தன் கையில் தர வேண்டாம், தனக்கு இன்னும் அந்தப் பலம் வரவில்லை என்று பின்வாங்கினார். நானும் றுமானாவும் வளவுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினோம். வாடை போக நெடுநேரமாயிற்று.

இன்று காலை வட்டிலப்பத் தட்டோடு வந்த பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர், எங்கே ஜெஸீமைக் காணவில்லை என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிறான், குடியை விட மருந்து எடுக்கிறான் என்று சொன்னேன். மனிதர் தட்டை என்னிடம் தருவதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றார். நானே வாங்கிக்கொண்டேன். பின்னேரம் அவர் தனியாகத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தி, அந்த வாட் எந்தப் பக்கம், ஆளை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நேரம் கடத்தாமல் கொண்டுபோங்கள், வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை றுமானா உன்னைப் பார்க்க வருகிறாள். நான் வரவில்லை, அந்த நேரம் உங்கள் இரண்டு பேருக்கும் உரியது. நீ அவளிடம் மன்னிப்புக் கேட்கத் துடிப்பாய் என்று தெரியும். கேட்டால் அவள் உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாள், திரும்பவும் வேலை அவளுக்குத்தான். அதைப் பிறகு வைத்துக்கொள். அவள் வந்து கட்டிலடியில் நின்றதும் முதலில், நீ சாப்பிட்டாயா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருந்து பார்.

உன் ராத்தா,
றாஹிலா